வசனமும் பாட்டும் ஒரே கை: தஞ்சை ராமையாதாஸ்

நம் பக்கத்தில் கல்யாண வீட்டுக்குக் குழாய் கட்டிய காலம் நினைவிருக்கும். முதல் பந்திக்கு இலை போட்டதும், சவுண்ட் சர்வீஸ் பையன் யாரும் சொல்லாமலே ஒரு இசைத்தட்டை எடுத்து வைப்பான். ‘கல்யாண சமையல் சாதம்’. செங்கோட்டையானாலும் சரி, தென்காசியானாலும் சரி, இலஞ்சி, வல்லம், பண்பொழி எங்கே போனாலும் சரி, அந்தச் சிரிப்பு கேட்காமல் பாயசம் வந்ததில்லை. இன்றைக்கும் மண்டபங்களில் போடுகிறார்கள்.

யார் படம் என்று கேட்டால் மாயாபஜார் என்பார்கள். யார் நடித்தது என்றால் எஸ்.வி. ரங்காராவ். யார் பாடியது என்றால் பெரியவர்கள் திருச்சி லோகநாதன் என்று சரியாகச் சொல்லிவிடுவார்கள். யார் எழுதியது என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் உடுமலை நாராயணகவி என்பார், இன்னொருவர் கண்ணதாசனாகத்தான் இருக்கும் என்பார். எழுதியவர் தஞ்சை என். ராமையாதாஸ். அந்தப் படத்தின் தமிழ் வசனமும் அவருடையதுதான். பாட்டை எழுதிய கையே வசனத்தையும் எழுதியது என்பதுதான் அவரைப் பற்றி முக்கியமாகச் சொல்ல வேண்டிய விஷயம் என்று நினைக்கிறேன். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

இதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். நாடகக் கம்பெனிகளில் ‘வாத்தியார்’ என்று ஒருவர் இருப்பார். கதையைக் காட்சிகளாகப் பிரிப்பது, வசனம் எழுதுவது, பாட்டுக் கட்டுவது, பையன்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. நம் தென்பாண்டிச் சீமையில் தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) இந்த வாத்தியார்களுக்கெல்லாம் வாத்தியார். ‘அபிமன்யு சுந்தரி’ நாடகத்தை ஒரே இரவில் பாட்டும் வசனமுமாக எழுதி முடித்தார் என்று நாடக உலகில் இன்றும் சொல்வார்கள். அபிமன்யு கல்யாணமும் கடோத்கஜன் கலாட்டாவும்தான் கதை. கிட்டத்தட்ட மாயாபஜார் கதையேதான்.

செங்கோட்டைக்காரர்களுக்கு நாடகம் என்றால் எஸ்.ஜி. கிட்டப்பாதான். 1906இல் பிறந்து 1933இல், 27 வயதில் போய்விட்டார். கிட்டப்பாவின் குரலைப் பற்றி இந்த ஊரில் நூறு பேர் நூறு விதமாகச் சொல்வார்கள். அந்தக் குரல் எடுத்துப் பாடிய வார்த்தைகளை எழுதிக் கொடுத்த வாத்தியார்களைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பாடியவர் பெயர் நிற்கும், எழுதியவர் பெயர் கரையும். நாடகத்தில் இருந்த இந்த வழக்கம் சினிமாவிலும் அப்படியே தொடர்ந்தது.

ராமையாதாஸ் 1914 ஜூன் 5இல் தஞ்சாவூர் மானம்புச்சாவடியில் பிறந்தவர். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தில் படித்துப் புலவர் பட்டம் வாங்கியவர். கொஞ்ச காலம் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தார். பிறகு நாடக வாத்தியாரானார். ஜெயலட்சுமி கான சபா என்று சொந்தமாக ஒரு நாடக சபையும் நடத்தினார். பின்னாளில் இவரை ‘அர்த்தமில்லாத வார்த்தைகளைப் போட்டுப் பாட்டெழுதுகிறவர்’ என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். முறையாகத் தமிழ் படித்து, யாப்புத் தெரிந்துதான் அவர் அப்படி எழுதினார் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

சினிமாவில் அவருடைய முதல் பாட்டு 1947இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த ‘ஆயிரம் தலை வாங்கிய அபூர்வ சிந்தாமணி’யில் வந்தது. அதுவும் வேடிக்கைப் பாட்டுதான். அடுத்து அவர் நாடகமாகப் போட்டுவந்த ‘மச்சரேகை’யை 1950இல் டி.ஆர். மகாலிங்கம் படமாக எடுத்தார். மகாலிங்கத்தை அந்த நாளில் கிட்டப்பாவின் வாரிசு என்றே கொண்டாடினார்கள். அந்தக் குரல் வரிசைக்கும் நம் ஊருக்கும் ராமையாதாஸுக்கும் இப்படி ஒரு மெல்லிய தொடர்பு இருக்கிறது.

அவருடைய பெரிய காலம் விஜயா புரொடக்‌ஷன்ஸில் தொடங்கியது. நாகிரெட்டி, சக்ரபாணி இருவரையும் நமக்கு அம்புலிமாமா வழியாகவே முதலில் தெரியும். அம்புலிமாமாவை நடத்திய அதே இருவர்தான் வடபழனியில் வாகினி ஸ்டூடியோவில் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு படத்தையும் தெலுங்கிலும் தமிழிலும் எடுப்பது அவர்கள் பழக்கம். தெலுங்குக்குப் பிங்கலி நாகேந்திர ராவ். தமிழுக்கு ஆள் தேடியபோது கிடைத்தவர் ராமையாதாஸ். 1951இல் வந்த ‘பாதாள பைரவி’யில் இருந்து இந்தக் கூட்டு ஆரம்பம். மந்திரவாதியும் மாயப் பொம்மையும் வருகிற அம்புலிமாமாக் கதை. ஆனால் தமிழ்ப் படத்தைப் பார்த்தவர்கள் அதைத் தெலுங்கிலிருந்து வந்த சரக்கு என்று நினைக்கவில்லை. அந்த நம்பிக்கையை உண்டாக்கியது வசனம்.

இரண்டு மொழிப் படத்துக்கு எழுதுவது எவ்வளவு கஷ்டம் என்பது வெளியில் தெரியாது. மெட்டு தெலுங்கு வார்த்தைக்குப் போட்டதாக இருக்கும். தெலுங்கில் பெரும்பாலும் சொற்கள் உயிரெழுத்தில் முடியும். வாயைத் திறந்தபடியே இழுத்துப் பாடலாம். தமிழில் ‘ம்’, ‘ன்’, ‘ல்’, ‘ள்’ என்று மெய்யெழுத்தில் வந்து நிற்கும். அதே மெட்டில் தமிழை உட்கார வைத்தால் பல இடங்களில் தட்டும். காட்சியின் நீளமும் கூடக்கூடாது, நகைச்சுவை விழுகிற இடமும் மாறக்கூடாது. இதையெல்லாம் அவர் மிக வேகமாகச் செய்தார் என்பதால் ‘எக்ஸ்பிரஸ் கவிஞர்’ என்றே பட்டப் பெயர். நாடகக் கொட்டகையில் திரை தூக்குவதற்கு முன் பாட்டைத் திருத்திக் கொடுத்துப் பழகிய கைக்கு அந்த வேகம் ஆச்சரியமில்லை.

‘மிஸ்ஸியம்மா’வைப் பாருங்கள். 1955 பொங்கலுக்கு, ஜனவரி 14இல் வந்தது. எல்.வி. பிரசாத் இயக்கம். கதைக்கு மூலம் ரவீந்திரநாத் மைத்ராவின் வங்காள நாடகம். வேலையில்லாத ஒரு இந்துப் பையனும், வேலையில்லாத ஒரு கிறிஸ்தவப் பெண்ணும், புருஷன் பெண்டாட்டி என்று பொய் சொல்லி ஒரு ஜமீன்தார் நடத்தும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலைக்குச் சேருகிறார்கள். ஜெமினி கணேசன், சாவித்திரி. சாவித்திரியின் வேடத்துக்கு முதலில் பானுமதியைப் போட்டிருந்தார்கள். அவர் விலகியதில் சாவித்திரிக்கு அடித்தது யோகம். ஜமீன்தாராக ரங்காராவ். துப்பறிகிறேன் பேர்வழி என்று அலைகிறவராக டணால் தங்கவேலு. தெலுங்கில் அந்த வேடம் நாகேஸ்வர ராவுக்கு. தமிழில் அதே பாத்திரம் தங்கவேலுவின் வாயில் வேறு ஆளாகவே மாறிவிட்டது. அதற்கும் வசனம்தான் காரணம்.

இந்தப் படத்தின் ‘வாராயோ வெண்ணிலாவே’ பாட்டை நாம் எல்லோரும் காதல் பாட்டு என்றே நினைத்து ரசித்துக்கொண்டிருக்கிறோம். ஏ.எம். ராஜா, பி. லீலா குரல்கள் அப்படி நினைக்க வைத்துவிட்டன. உண்மையில் அது ஒரு சண்டைப் பாட்டு. கல்யாணமே ஆகாத இரண்டு பேர், ஆனதாக நடித்துக்கொண்டு, ஒருவர் மேல் ஒருவர் நிலாவிடம் பிராது கொடுக்கிறார்கள். அவன் ‘மனைவி’யைப் பற்றிக் குறை சொல்கிறான், அவள் ‘கணவன்’ பற்றி. வெளியில் கேட்கிறவர்களுக்கு அது தம்பதியின் ஊடல். உள்ளே இருப்பது வேலைக்காகச் சொன்ன பொய். அதற்கும் அடியில், பொய் மெல்ல மெல்ல நிஜமாகிக்கொண்டிருக்கிறது. ஒரே பாட்டில் மூன்று அடுக்கு. பாட்டுக்கு முன்னால் வரும் வசனத்தை ஒருவரும் பாட்டை இன்னொருவரும் எழுதியிருந்தால் இந்த நூல் அறுந்திருக்கும். கவிஞர் வருவார், சூழ்நிலையைக் கேட்பார், நிலாவைப் பற்றி அழகாக நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் மேரியும் இருக்கமாட்டாள், அவள் சொன்ன பொய்யும் இருக்காது.

இன்னொன்றும் தோன்றுகிறது. தமிழில் இதை எழுதியவர் ஒரு காலத்தில் தானே பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். வாத்தியார் வேலைக்காக ஒருவன் என்னென்ன வேஷம் போடுவான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். நானும் அந்த உத்தியோகத்தில் 33 வருஷம் இருந்தவன் என்பதால், அந்த ஜமீன்தார் முன்னால் கணவனும் மனைவியுமாகக் கைகட்டி நிற்கிற காட்சிகளைப் பார்த்து மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிகமாகவே சிரிப்பேன்.

ஒரு உள்ளூர் வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். மிஸ்ஸியம்மா வந்தபோது நாம் திருவிதாங்கூர்–கொச்சி ராஜ்யத்துக்காரர்கள். தென்காசிக்காரர்கள் சென்னை ராஜ்யத்துக்காரர்கள். 1956 நவம்பர் 1இல் செங்கோட்டை சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. 1957 ஏப்ரலில் தமிழ் மாயாபஜார் வந்தபோது நாமும் சென்னை ராஜ்யத்துப் பிரஜைகளாக அதைப் பார்த்தோம்.

இனி அந்தப் பந்திக்கு வருவோம்.

மாயாபஜாரின் தெலுங்கு மூலத்தில் இந்தப் பாட்டு ‘விவாஹ போஜனம்பு’. மாதவபெத்தி சத்யம் பாடியது. அந்த மெட்டின் கதையே ஒரு தனிக் கதை. படத்துக்கு முன்பே 1940களில் ஒரு தெலுங்கு ஹரிகதை இசைத்தட்டில் அந்த மெட்டு இருந்தது. அதற்கும் முன்னால், 1922இல் லண்டனில் சார்லஸ் பென்ரோஸ் என்பவர் ‘சிரிக்கும் போலீஸ்காரர்’ என்று ஒரு இசைத்தட்டுக் கொடுத்திருந்தார். பாட்டு முழுக்கச் சிரிப்பு. அவருக்கும் முன்னோடி ஒருவர் உண்டு. நியூயார்க்கில் தெருவில் பாடிப் பிழைத்த ஜார்ஜ் டபிள்யூ. ஜான்சன் என்ற கறுப்பினப் பாடகர். 1890களில் ‘சிரிப்புப் பாட்டு’ என்று ஒன்றைப் பதிவு செய்தார். அந்த நாளில் பிரதி எடுக்கும் வசதி சரியாக இல்லாததால் அதே பாட்டை, அதே சிரிப்பை, ஆயிரக்கணக்கான தடவை அவரே திரும்பத் திரும்பப் பாட வேண்டியிருந்தது. ஆக நியூயார்க் தெருவில் கிளம்பிய சிரிப்பு லண்டன் போய், ஆந்திராவில் ஹரிகதையாகி, வடபழனியில் கடோத்கஜன் வாய்க்கு வந்து, கடைசியில் நம் ஊர்க் குழாயில் கேட்டது.

இந்த நீண்ட பயணத்தில் ராமையாதாஸ் செய்த வேலை என்ன? சிலர் மொழிபெயர்ப்பு என்று சொல்லிவிடுகிறார்கள். சமையற்கட்டு தெரிந்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். தெலுங்குப் பாட்டில் இருப்பது ஆந்திரக் கல்யாணச் சாப்பாடு. காரெலு, பூரெலு, அரிசெலு என்று போகும். ராமையாதாஸ் அந்த இலையையே எடுத்துவிட்டு வேறு இலை போட்டார். புளியோதரை வந்தது, சாம்பார் வந்தது, பஜ்ஜி சொஜ்ஜி வந்தது, பூரிக் கிழங்கே வந்தது. துவாரகையில் நடக்கிற கல்யாணத்தில் பூரிக் கிழங்கு எப்படி வரும்? உருளைக்கிழங்கு நம் நாட்டுக்கு வந்ததே வெள்ளைக்காரர்கள் கப்பலில் வந்த பிறகுதான். அது தெரியாமல் எழுதியிருப்பார் என்று யாராவது நினைத்தால், நகைச்சுவை என்பது என்னவென்று அவர்களுக்குத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். மகாபாரதத்துக்கு நடுவே 1957ஆம் வருஷத்து ஹோட்டல் பலகாரத்தைக் கொண்டுவந்து வைத்ததில்தான் கொட்டகை சிரித்தது. கடோத்கஜன் ராட்சசனாகத் தெரியவில்லை. நம் வீட்டுக் கல்யாணத்தில் யாருக்கும் முன்னால் பந்தியில் உட்காரும் பெரிய மாமாவாகத் தெரிந்தான்.

ஓசையையும் கவனியுங்கள். தமிழில் மெய்யெழுத்தில் முடிவது தொந்தரவு என்று மேலே சொன்னேன். அந்தத் தொந்தரவையே அவர் இங்கே பயன்படுத்திக்கொண்டார். அடி ‘ம்’ என்று முடிகிறபோது வாய் மூடுகிறது. கவளத்தை வாயில் போட்டு மூடியது மாதிரி. மூடிய வாய் அடுத்த நொடி திறந்து சிரிப்பு வெடிக்கிறது. தெலுங்கில் அந்த மூடல் கிடையாது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், என் காதுக்குத் தமிழ்ப் பாட்டில்தான் கடோத்கஜன் உண்மையாகவே சாப்பிடுகிறான். தமிழ் அபிமானத்தில் சொல்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் படத்தின் வசனத்திலும் இதே வேலைதான். தெலுங்கில் பிங்கலி ஒரு வேடிக்கை செய்திருந்தார். பேச்சில் நாம் ‘காப்பி கீப்பி’, ‘பலகாரம் கிலகாரம்’ என்று எதிரொலியாக ஒரு சொல்லைச் சேர்ப்போமே, அந்த அர்த்தமில்லாத சொல்லுக்கே அவர் ஒரு உருவம் கொடுத்துவிட்டார். கம்பளி என்று ஒன்று இருந்தால் ‘கிம்பளி’ என்றும் ஒரு மாயப் பொருள் உண்டு, அதில் ஏறி நின்றால் வேடிக்கை நடக்கும் என்பது மாதிரி. இப்படிப்பட்ட சொல் விளையாட்டைத் தமிழுக்குக் கொண்டுவர அகராதி உதவாது. காது வேண்டும். எதிரொலிச் சொல் வீட்டுப் பேச்சில் எங்கே விழும், எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்திருக்க வேண்டும். தங்கவேலு லக்ஷ்மண குமாரனாக வந்து அசடு வழிகிற காட்சிகள் இன்றும் சலிக்காமல் இருப்பதற்கு அவருடைய முகம் பாதிக் காரணம் என்றால், அவர் வாய்க்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி எழுதிக் கொடுத்த வார்த்தைகள் மீதிப் பாதி.

சாப்பாட்டைப் பற்றி ராமையாதாஸ் எழுதியது இது முதல் தடவை இல்லை. 1951இல் வந்த ‘சிங்காரி’யில் அவர் எழுதிய ‘ஒரு சாண் வயிறு’ பாட்டு நாடெங்கும் ஓடியது. வயிறு என்ற ஒன்று மட்டும் இல்லாவிட்டால் உலகத்தில் தகராறே இருக்காது என்பது அதன் கருத்து. அந்த வருஷத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். 1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போனதிலிருந்து பர்மா அரிசி நின்றுபோயிற்று. திருவிதாங்கூரில் அந்த அரிசியை நம்பியிருந்தவர்கள் மரச்சீனிக் கிழங்கை அவித்துத் தின்று காலம் தள்ளினார்கள். ஆரியங்காவுக்கு இந்தப் பக்கம் இருந்த நமக்கும் அந்தக் கிழங்கு நன்றாகவே தெரியும். சென்னை ராஜ்யத்தில் அரிசி ரேஷன். 1952 ஜூனில்தான் ராஜாஜி கட்டுப்பாட்டை எடுத்தார். ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்றவர்கள் மாலையில் டிக்கெட் வாங்கிக்கொண்டு கொட்டகையில் உட்கார்ந்து வயிற்றைப் பற்றிய பாட்டைக் கேட்டுச் சிரித்தார்கள். மேடையில் வைத்துப் படிக்கிற கவிதையில் பசி வந்தால் அழுகை வரும். ராமையாதாஸின் பாட்டில் பசி வந்தபோது ஆட்டமும் கூடவே வந்தது. அதற்காகத்தான் அவரைக் கொச்சை என்றார்கள்.

1951இல் ஒரு சாண் வயிற்றுக்காகப் புலம்பியவர் 1957இல் கல்யாணச் சாப்பாட்டை மொத்தமாக ஒரு ராட்சசன் முன்னால் கொட்டினார். லட்டு தானாகப் பறந்து வாய்க்குள் போகிற அந்தக் காட்சியை மார்க்கஸ் பார்ட்லியின் கேமரா காட்டியபோது, கிழங்கு தின்ற தலைமுறைக்கு அது வெறும் தந்திரக் காட்சியாக இருந்திருக்காது.

நடுவே வந்த மற்ற படங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1955இல் எம்.ஜி.ஆர். நடித்து ராமண்ணா இயக்கிய ‘குலேபகாவலி’க்கு வசனம் இவர். ‘சொக்கா போட்ட நவாபு’ பாட்டும் இவர். அந்தப் படத்தின் ‘மயக்கும் மாலை’யையும் இவர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அது விந்தன் எழுதியது. உரியவருக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். நம் ராமையாதாஸின் பாட்டையே பிறர் கணக்கில் எழுதுவதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டு, விந்தனுடையதை இவருக்கு எடுத்துக் கொடுப்பது முறையல்ல.

1957இல் அஞ்சலிதேவியின் ‘மணாளனே மங்கையின் பாக்கியம்’. ‘அழைக்காதே’, ‘தேசுலாவுதே’ இரண்டும் இவருடைய பாட்டுகள். இசை ஆதிநாராயண ராவ். வேடிக்கைப் பாட்டுக்காரர் என்ற முத்திரையை நம்பி இந்த இரண்டையும் கேட்டால் ஆச்சரியமாக இருக்கும். அதே அஞ்சலிதேவி கம்பெனி 1960இல் எடுத்த ‘அடுத்த வீட்டுப் பெண்’ முழுக்க முழுக்க நகைச்சுவைப் படம். டி.ஆர். ராமச்சந்திரனுக்குப் பாட்டு வராது. பக்கத்து வீட்டுப் பெண்ணை மயக்க, நண்பன் தங்கவேலு மறைந்திருந்து பாட, இவர் வாயை மட்டும் அசைப்பார். ‘கண்களும் கவிபாடுதே’ என்ற போட்டிப் பாட்டில் சீர்காழி கோவிந்தராஜனும் திருச்சி லோகநாதனும் மோதுவார்கள். ‘கண்ணாலே பேசிப் பேசி’யும் இந்தப் படத்தில்தான். எல்லாம் ராமையாதாஸ். இதுவும் ஒரு வங்காளக் கதைதான். எட்டு வருஷம் கழித்து 1968இல் இந்தியில் ‘படோசன்’ என்று வந்து நாடு முழுக்கப் பெயர் வாங்கியது. இந்திக்காரர்கள் அந்தப் போட்டிப் பாட்டை இன்றும் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நம்மிடம் அதற்கு முன்பே இருந்த பாட்டை நம் பேரப்பிள்ளைகளுக்கு நாம்தான் போட்டுக் காட்ட வேண்டியிருக்கிறது.

மொத்தத்தில் 80க்கும் மேற்பட்ட படங்கள், 500க்கும் மேற்பட்ட பாட்டுகள். அவ்வளவும் முத்து என்று சொல்லமாட்டேன். மெட்டை நிரப்ப வார்த்தையை வாரிப் போட்ட பாட்டுகளும் நிறைய உண்டு. எக்ஸ்பிரஸ் ரயில் எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. ஆனால் வசனமும் அவரே எழுதிய படங்களில் அந்தக் குறை குறைவாகவே தெரியும். பாத்திரம் யார், எந்த ஊர்ப் பேச்சு, எதற்கு அஞ்சுவான், எதற்குச் சிரிப்பான் என்பதெல்லாம் வசனம் எழுதும்போதே அவர் கைக்குப் பழகிவிட்டிருக்கும்.

சொந்தமாகப் படம் எடுக்கவும் ஆசைப்பட்டார். ‘லலிதாங்கி’ என்று எம்.ஜி.ஆர்., பானுமதியை வைத்துத் தொடங்கினார். பாதியில் எம்.ஜி.ஆர். விலகிக்கொண்டார். பிறகு சிவாஜி கணேசனை வைத்து மறுபடியும் எடுத்து ‘ராணி லலிதாங்கி’ என்று 1957இல் வெளியிட்டார். மாயாபஜாரும் மணாளனே மங்கையின் பாக்கியமும் வந்த அதே வருஷம். பிறருடைய படத்தில் பாட்டும் வசனமும் பூத்துக் குலுங்கிய வருஷத்தில், தன் படத்தை இரண்டு தடவை எடுக்க வேண்டிய நிலை. முதலாளி வேலைக்கு வேண்டிய நெஞ்சழுத்தம் வாத்தியார்களுக்கு வருவதில்லை.

1960க்குப் பிறகு காலம் மாறிவிட்டது. கதைக்கு ஒருவர், வசனத்துக்கு ஒருவர், பாட்டுக்கு இரண்டு மூன்று பேர், நகைச்சுவைக்குத் தனியாக ஒரு ‘ட்ராக்’ என்று பிரித்துக்கொண்டார்கள். வசதியான ஏற்பாடுதான். கண்ணதாசனின் பாட்டுகள் படத்தை விட்டுப் பிரித்தெடுத்தாலும் தனியே நிற்கும், அதனால்தான் அவை இன்றைக்கும் வாழ்கின்றன. ராமையாதாஸின் நல்ல பாட்டுகள் வேறு ஜாதி. அவை காட்சியோடு ஒட்டிப் பிறந்தவை. நிலாவுக்குச் சொல்கிற பிராதில் மேரியின் பொய்யும், பந்திப் பாட்டில் கடோத்கஜனின் வயிறும் இல்லாமல் அவற்றைப் பாதிதான் கேட்க முடியும். பாட்டுப் புத்தகமும் வானொலியும் பாட்டைப் படத்திலிருந்து தனியாகப் பிரித்துக் கொடுத்தபோது, இவர் பாட்டுகளில் மெட்டும் குரலும் மிஞ்சின. எழுதியவர் படத்துக்குள்ளேயே தங்கிவிட்டார்.

கடைசிக் காலத்தில் அவர் திருக்குறளுக்குப் பாட்டு வடிவம் கொடுத்தார். ‘திருக்குறள் இசையமுதம்’ என்று நூலாக வந்தது. நவாபுக்குச் சொக்கா போட்டவர் வள்ளுவருக்கு மெட்டுப் போட்டார் என்று கேட்கும்போது சிலருக்குச் சிரிப்பு வரும். கரந்தையில் படித்த புலவர் தன் பழைய பாடத்துக்குத் திரும்பிப் போனார், அவ்வளவுதான். பிற்காலத்தில் அவருடைய நூல்களைத் தமிழக அரசு நாட்டுடைமை ஆக்கியது.

1965 ஜனவரி 15இல் அவர் காலமானார். மிஸ்ஸியம்மா வெளிவந்து சரியாகப் பத்து வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. வயது 50.